காற்றிலும் முறை வேண்டும்

ஒரே வைஃபை இணைப்பைச் சங்கக் கட்டடத்தில் பலரும் பகிர்ந்துகொள்ளும் காலம் இது. கூலிப் பட்டுவாடா நாளில் கைபேசிகள் பெருகியதும் இணைப்பு தளர்ந்துவிடுகிறது. கணக்குப் பதிவாகும் வரை காத்து நிற்கும் நெசவாளரின் தறி அங்கே நின்றுகிடக்கிறது.

வேகம் மிகுந்த இணைப்பை வாங்கினால் குறை தீரும் எனப் பலர் கருதுகின்றனர். அஃது எப்பொழுதும் உண்மையன்று. ஓர் அலைவரிசையில் பொதுவாக ஒரு நேரத்தில் ஒரு கருவியே செய்தி அனுப்ப இயலும், ஏனையவை காத்திருக்கும். தொலைவிலிருந்து மெல்ல அனுப்பும் கருவி பிறர் நேரத்தையும் விழுங்கிவிடும். ஏரி நிறைந்திருந்தும், முறைப்பாசனம் சீர்படாவிடின் கடைமடை காய்வதைப் போன்றதே இது.

ஆதலின், முதற்கண் கணினி, அச்சுப்பொறி, காமிரா ஆகிய இடம்பெயராக் கருவிகளைக் கேபிளால் இணைத்தல் நன்று. பெரிய கூடத்தில் ஒரே பெட்டியை நம்பாது, மிதமான திறனுடன் இரண்டு மூன்று பெட்டிகளை உயரத்தில் பொருத்தி, அவற்றையும் கேபிளால் இணைக்க வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸில் அவற்றுக்கு 1, 6, 11 என ஒன்றோடொன்று மோதாத அலைவரிசைகளை ஒதுக்குக. 5 கிகாஹெர்ட்ஸில் அலைவரிசைகள் மிகுதி. ஆயினும் சுவரைக் கடக்கும் ஆற்றல் குறைவு. உறுப்பினர்க்கு அலுவலகக் கணக்கைத் தொடாத தனி வலையமைத்து, ஆளுக்கு இவ்வளவு வேகம் என வரம்பும் விதித்தல் வேண்டும்.

நீரை முறைவைத்துப் பகிர்ந்த நமக்கு இவ்வொழுங்கு புதிதன்று. புதிய பெட்டி வாங்கத் தீர்மானிக்குமுன், பங்கீட்டு விதியைப் பேரவையில் ஆராயுமாறு சங்கங்களை வேண்டுகிறோம்.