இரண்டு நிமிடத்தில் ஓர் அருங்காட்சியகம்

வெளிநாட்டுப் படிப்புக்கோ வேலைக்கோ விண்ணப்பிக்கும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஐயெல்ட்ஸ் என்னும் ஆங்கிலத் தேர்வு ஏறக்குறைய ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. கேட்டல், படித்தல், எழுதுதல் மூன்றையும் பயிற்சிப் புத்தகங்களை வைத்துக்கொண்டு எப்படியோ சமாளித்துவிடுகிறார்கள். நாலாவதான பேச்சுத் தேர்வுதான் வயிற்றைக் கலக்குகிறது. தில்லியில் பல ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்து ஓய்வுபெற்றவன் என்பதால், தெரிந்த தமிழ்க் குடும்பத்துப் பசங்க தேர்வுக்கு முன்னால் என்னிடம் வந்து பேசிப் பார்ப்பது வழக்கம். அவர்களை அதிகம் தடுமாற வைக்கும் தலைப்புகளில் ஒன்று அருங்காட்சியகம். "சார், மியூசியத்தைப் பத்தி ரெண்டு நிமிஷம் என்ன பேசறது? நாலு சிலை, நாலு கத்தி, அவ்வளவுதானே?" என்கிறார்கள்.

தேர்வின் அமைப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். மொத்தம் 11 முதல் 14 நிமிடம். தேர்வாளர் ஒருவர் எதிரில் இருப்பார்; பேச்சு முழுவதும் பதிவாகும். முதற்பகுதியில் வீடு, படிப்பு, பொழுதுபோக்கு என்று சின்னச் சின்னக் கேள்விகள். இரண்டாம் பகுதியில் ஓர் அட்டையைக் கொடுப்பார்கள். நீங்கள் பார்த்த ஓர் அருங்காட்சியகத்தைப் பற்றிச் சொல்லுங்கள், எங்கே இருக்கிறது, எப்போது போனீர்கள், என்ன பார்த்தீர்கள், ஏன் பிடித்தது என்கிற மாதிரி அதில் இருக்கும். குறிப்பெடுக்க ஒரு நிமிடம். பிறகு இரண்டு நிமிடம் வரை நீங்களே பேச வேண்டும். மூன்றாம் பகுதியில் அதே தலைப்பை ஒட்டிக் கொஞ்சம் ஆழமான கேள்விகள். தடையின்றிக் கோவையாகப் பேசுதல், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு என்று நான்குக்கும் சம மதிப்பு.

இந்தப் பட்டியலில் பொது அறிவு இல்லை என்பதைக் கவனியுங்கள். ஆண்டு தப்பாகச் சொன்னால் மதிப்பெண் குறையாது. சொன்னது நிஜமா என்றும் யாரும் சரிபார்க்கப் போவதில்லை. இதைத் தெரிந்துகொண்ட பிள்ளைகள் பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்தைப் பற்றி யாரோ எழுதிக் கொடுத்த பதிலை மனப்பாடம் செய்துகொண்டு வருகிறார்கள். போகாத ஊருக்கு வழி சொல்லும் கதைதான். ஒப்பித்தலைக் கண்டுபிடிக்கத் தேர்வாளர்களுக்குப் பயிற்சி உண்டு என்பது ஒரு பக்கம். அதைவிட, மனப்பாடம் ஒன்றரை நிமிடத்தில் தீர்ந்துவிடும். அடுத்த கேள்விக்குக் கையில் சரக்கு இருக்காது. கண்ணால் பார்த்த பொருள் அப்படியில்லை. கேட்கக் கேட்க ஏதாவது சொல்லத் தோன்றும்.

பேச்சைப் பெயரிலிருந்தே தொடங்கலாமே. 'மியூசியம்' என்பது கலைத் தேவியரின் இருப்பிடம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லின் வழி வந்தது. நாம் அரும் காட்சி அகம் என்றோம்; இலங்கைத் தமிழர் நூதனசாலை என்கிறார்கள். 1814-இல் தொடங்கிய கல்கத்தா இந்தியன் மியூசியத்தை வங்காளிகள் 'ஜாதுகர்', மாயவீடு, என்று அழைத்தார்கள். இந்தியில் 'அஜாயப் கர்', அதிசய வீடு. சென்னைப் பாமர மக்களோ எழும்பூர் மியூசியத்தைச் 'செத்த காலேஜ்' என்றும், உயிருள்ள விலங்குகள் இருந்த காட்சிச்சாலையை 'உயிர் காலேஜ்' என்றும் பெயரிட்டு அழைத்தார்கள். இதைவிடச் சிறந்த தொடக்கம் எந்தப் பயிற்சிப் புத்தகத்தில் கிடைக்கும்?

அடுத்து, முழு அருங்காட்சியகத்தையும் இரண்டு நிமிடத்தில் சொல்ல முயலக்கூடாது. ஒரே ஒரு பொருளைப் பிடித்துக்கொள்ள வேண்டும். தில்லிப் பிள்ளைகளை நான் அனுப்புவது ஜன்பத்தில் உள்ள தேசிய அருங்காட்சியகத்துக்கு, அங்குள்ள மொகஞ்சதாரோ நடனப் பெண்ணைப் பார்க்க. 1926-இல் அகழ்ந்தெடுத்தது, சுமார் நாலாயிரத்து ஐந்நூறு ஆண்டுப் பழமை. பாடப்புத்தகப் படத்தைப் பார்த்து ஆளுயரம் இருக்கும் என்று நினைத்துப் போகும் பிள்ளைகள், "இவ்ளோ சின்னதா!" என்று திரும்பி வருகிறார்கள். உயரம் பத்தரை சென்டிமீட்டர்தான். இடக்கை முழுக்க வளையல்; வலக்கையில் நாலே நாலு, அந்தக் கை இடுப்பில். எதிர்பார்த்தது ஒன்று, கண்டது ஒன்று என்ற இந்த வியப்பே அரை நிமிடப் பேச்சுக்கு ஆகும். கடந்தகால வினைகளும் ஒப்பீடுகளும் தாமாக வந்து விழும்.

இங்கேதான் சொல்வளம் வருகிறது. தமிழில் கல்லானாலும் செம்பானாலும் சிலை என்றுவிடுகிறோம். ஆங்கிலத்தில் பெரிய உருவம் 'ஸ்டேச்யூ', கைக்கு அடங்கும் உருவம் 'ஃபிகரின்', செதுக்கியதும் வார்த்ததும் பொதுவாக 'ஸ்கல்ப்சர்'. செப்புத் திருமேனியை அந்த உலோகத்தின் பெயராலேயே 'பிரான்ஸ்' என்பார்கள். பேச்சுவழக்கில் சிலையைப் பொம்மை என்று சொல்லும் பழக்கத்தில் சிலர் 'டால்' என்றுவிடுகிறார்கள். 'டால்' பார்க்க வேண்டுமானால் பகதூர் ஷா ஜாஃபர் மார்க்கில் கார்ட்டூனிஸ்ட் சங்கர் 1965-இல் நிறுவிய பொம்மை அருங்காட்சியகம் தனியாக இருக்கிறது!

இலக்கணத்துக்கும் அந்தச் சின்னப் பெண் உதவுவாள். அவளை மெழுகு வார்ப்பு முறையில் செய்திருக்கிறார்கள். நம் சுவாமிமலை ஸ்தபதிகள் இன்றும் கையாளுவது அடிப்படையில் அதே முறைதான். முதலில் மெழுகில் உருவம் பிடிப்பார்கள். அதன்மேல் காவிரி வண்டலைப் பூசி உலர்த்துவார்கள். சுட்டால் மெழுகு உருகி வெளியே ஓடிவிடும். அந்த வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுவார்கள். ஆறிய பின் மண்ணை உடைத்தால்தான் உருவம் வெளிவரும். ஆகவே ஓர் அச்சில் ஓர் உருவம்தான். இதை ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள். 'தி வேக்ஸ் இஸ் மெல்ட்டட்', 'தி மெட்டல் இஸ் போர்டு', 'தி மோல்டு இஸ் புரோக்கன்' என்று செயப்பாட்டுவினை வரிசையாக வரும். இலக்கணப் புத்தகத்தில் ஐம்பது பயிற்சி போட்டும் வராதது கும்பகோணத்துப் பக்கம் ஒரு பட்டறையைப் பார்த்த பிள்ளைக்கு வந்துவிடுகிறது. கோடை விடுமுறையில் ஊருக்குப் போகிறவர்கள் ஒரு நாளைச் சுவாமிமலைக்கு ஒதுக்கினால் நல்லது.

உச்சரிப்பைப் பற்றிச் சுருக்கமாக. இந்திய ஒலிச் சாயல் இருப்பது குற்றமில்லை. கேட்பவருக்குப் புரிய வேண்டும். ஆனால் இந்தி கேட்டு வளர்ந்த நம் பிள்ளைகள் 'இஸ்டேச்யூ' என்று முன்னால் ஓர் இகரம் சேர்ப்பதையும், 'மியூசியம்' என்பதன் நடுவிலுள்ள அதிரும் ஒலியை வெறும் சகரமாக்குவதையும் திருத்திக்கொள்ளலாம். அந்த ஒலிக்குத் தமிழில் எழுத்து இல்லை. காதால்தான் பழக வேண்டும்.

மூன்றாம் பகுதிதான் மெய்யான சோதனை. நுழைவுக் கட்டணம் வேண்டுமா, இணையத்தில் எல்லாம் கிடைக்கும் காலத்தில் அருங்காட்சியகம் எதற்கு என்றெல்லாம் கேட்கலாம். வேறு நாட்டிலிருந்து வந்த பொருள்களைத் திருப்பித் தர வேண்டுமா என்ற கேள்வி வந்தால் தமிழ்ப் பிள்ளை வாயடைத்து நிற்கலாமா? அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து திருடு போன நடராசரை ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் 2008-இல் ஐம்பது லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. திருட்டு வெளிப்பட்டு 2014-இல் ஆஸ்திரேலியப் பிரதமரே தில்லியில் அதைத் திருப்பி ஒப்படைத்தார். அதற்கும் முன்னால் பத்தூர் நடராசர் வழக்கில், பாழடைந்த ஒரு கோயிலே வழக்காடலாம் என்று லண்டன் நீதிமன்றம் ஏற்று, 1991-இல் திருமேனி இந்தியா திரும்பியது. ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் போகத்தான் நம் பிள்ளைகள் இந்தத் தேர்வையே எழுதுகிறார்கள்!

சென்ற முறை வந்த ஒரு பெண் என்னையே மடக்கினாள். "திருப்பித் தரணும்னு சொல்றது ஈஸி சார். கோயில்ல பாதுகாப்பு இல்லேன்னா மறுபடியும் திருட்டுப் போகாதா? நம்ம மியூசியத்துல வெச்சா பூஜை யார் பண்றது?" தேர்வுக்கு வேண்டியது இப்படி இரு பக்கமும் எடைபோடும் பேச்சுதான். அப்போது சொல்லைப் பொறுக்குவதிலும் கவனம் வேண்டும். காட்சிப் பேழைக்குள் 'ஆர்ட்டிஃபாக்ட்', போலீஸ் பதிவேட்டில் 'ஐடல்', கோயிலில் 'டெய்ட்டி'. மூன்றும் ஒரே உருவம்தான். எந்தச் சொல்லை எடுக்கிறோமோ அதில் நம் கட்சி தெரிந்துவிடும்.

மற்ற ஊர் வாசகர்கள் தில்லிக்கு வர வேண்டியதில்லை. கொல்கத்தாவில் எகிப்திய மம்மி இருக்கிறது. ஹைதராபாத் சாலார் ஜங்கில் மணிக்கு ஒருமுறை ஒரு சின்ன உருவம் வெளியே வந்து மணியடிக்கும் கடிகாரத்தின் முன் கூட்டம் காத்திருக்கும். தில்லியிலேயே சிலை பிடிக்காத பிள்ளைக்கு ரயில் அருங்காட்சியகத்தில் ஒற்றைத் தண்டவாளத்தில் ஓடிய பாட்டியாலா ரயில் உண்டு. பாலம் பக்கம் 1992-இல் தொடங்கிய கழிப்பறை அருங்காட்சியகம்கூட உண்டு. சிரிக்காதீர்கள், அதைப் பற்றிப் பேசுகிறவன் இரண்டு நிமிடம் போதவில்லை என்பான்.

போகும்போது பென்சிலும் காகிதமும் கொடுத்தனுப்புங்கள். ஒரு பொருளின் முன் நின்று ஒரு நிமிடம் குறிப்பெடுத்து, வெளியே வந்து உங்களிடம் இரண்டு நிமிடம் பேசட்டும். முதல் தடவை தமிழிலேயே பேசினாலும் பரவாயில்லை. சொல்ல விஷயம் இருக்கிறதா என்பது அப்போதே தெரிந்துவிடும். தேசிய அருங்காட்சியகத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை. மற்ற நாட்களில் போங்கள்.