பழைய இரும்பில் பிறக்கும் சைக்கிள்

எமது வீடுகள் பலவற்றின் பின்புறத்தில் சில்லில்லாத ஒரு சைக்கிள் துருப்பிடித்தபடி சாய்ந்து கிடக்கிறது. பழைய இரும்பு வாங்குபவர் வரும் நாளில் அது நிறைக்கு விலைபோய்விடும். அதே வீட்டுப் பிள்ளையோ நாள்தோறும் நெடுந்தூரம் நடந்து பாடசாலைக்குச் செல்லும். புதிய சைக்கிள் வாங்கப் பணமில்லை என்பதே நாம் எங்கும் கேட்கும் முறையீடு. பணம் மட்டுமா இல்லை? சேர்த்துப் பூட்டும் அறிவும் எம்மிடையே குறைந்து வருகிறது. அந்த அறிவைப் பரப்பினால் குறைந்த செலவில் பல வீடுகளுக்குச் சைக்கிள் கிடைக்கும் என்பதை இங்கு விளக்க விரும்புகின்றோம்.

தேவை தந்த பாடம்

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின், யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு எரிபொருளும் பற்றரியும் செல்வது தடைப்பட்டது. மின்சாரமும் இல்லாது போயிற்று. அந்த ஆண்டுகளில் சைக்கிளே பேருந்தாகவும் பாரவண்டியாகவும் நோயாளர் வண்டியாகவும் விளங்கியது. கையால் பெடலைச் சுற்றி, டைனமோவில் வரும் மின்சாரத்தால் மக்கள் வானொலிச் செய்தி கேட்டனர். 1995 ஒக்ரோபர் இடம்பெயர்வில் குடும்பங்களின் உடைமைகள் சைக்கிள்களிலேயே சென்றன. புதிய பாகங்கள் அரிதாகிய நிலையில், ஒரு வண்டியின் உறுப்பைக் கழற்றி மற்றொன்றை ஓடவைக்கும் தெருவோரத் திருத்துநரே ஊரின் போக்குவரத்தைத் தாங்கினார்.

2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பின், 2005 இல் தொடங்கப்பட்ட வேர்ல்ட் பைசிக்கிள் ரிலீஃப் என்ற நிறுவனம் இலங்கையில் 24,000 க்கும் மேற்பட்ட சைக்கிள்களை வழங்கியது. பின்னர் ஆபிரிக்க நாடுகளில் பணியாற்றியபோது, அது சைக்கிள்களோடு ஊர்த் திருத்துநர்களையும் பயிற்றுவித்தது. வண்டியைக் கொடுத்தால் மட்டும் போதாது, அதைத் திருத்தும் கையும் அருகில் இருக்க வேண்டும் என்பதே இதன் பொருள்.

2022 இல் கொழும்பும் இதை உணர்ந்தது. அவ்வாண்டு ஜூன் இறுதியில், அத்தியாவசிய சேவைகள் தவிர்ந்த வாகனங்களுக்கு எரிபொருள் வழங்குவதை அரசு சுமார் இரு வாரங்களுக்கு நிறுத்தியது. கல்கிசையிலிருந்து வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி என்று காலி வீதி வழியே வேலைக்குச் செல்வோர் பலர் சைக்கிளை நாடினர். புதிய சைக்கிளின் விலை கூலித் தொழிலாளிக்கு எட்டாத உயரத்துக்கு ஏறியது. வீட்டின் பின்புறத்தில் கிடந்த பழைய வண்டிகளுக்கு அப்போதுதான் மதிப்பு வந்தது.

முதலில் பிரேமும் போக்கும்

மற்ற எல்லாப் பாகங்களையும் மாற்றலாம். ஆனால் பிரேமையும் முன் போக்கையும் கண்ணை மூடிக்கொண்டு தெரிவு செய்யக்கூடாது. ஓடும்போது போக் முறிந்தால் ஓட்டுபவர் தலைகுப்புற விழுவார். ஆகவே போக்கின் கால்கள் தலைக்குழாயுடன் சேரும் இடத்தை மண்ணெண்ணெயால் துடைத்து, வெடிப்பு உண்டா என்று பகலொளியில் பாருங்கள். வெடித்த போக்கை ஒட்டவைத்துப் பாவிக்கவே வேண்டாம்.

கல்கிசை போன்ற கரையோர ஊர்களில் உப்புக்காற்று பிரேமை உள்ளிருந்து தின்னும். பெடல் அச்சுப் பெட்டியின் அடிப்பகுதியில் நீர் தேங்குவதால் துரு பெரும்பாலும் அங்குதான் தொடங்கும். சிறிய சுத்தியலால் மெல்லத் தட்டிப் பாருங்கள். கணீரென்ற ஓசைக்குப் பதில் மந்தமான ஓசை எழுந்தால், அல்லது துருத்தூள் கொட்டினால், அந்தப் பிரேமை விட்டுவிடுவது நல்லது.

பிரேம் நேராக உள்ளதா என்று அறிய ஒரு நூல் போதும். பின்சில்லு பூட்டும் இடத்தின் ஒரு பக்கத்தில் நூலைக் கட்டி, தலைக்குழாயைச் சுற்றி மறுபக்கத்துக்குக் கொண்டுவந்து இழுத்துக் கட்டுங்கள். சீற் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளி இரு பக்கமும் சமமாக இருக்க வேண்டும்.

பழைய பிரேம் வாங்கும்போது அதில் பொறிக்கப்பட்ட இலக்கத்தைக் குறித்து, விற்றவரிடம் பற்றுச்சீட்டும் பெறுங்கள். திருட்டு வண்டியில் எந்தப் பிள்ளையும் பாடசாலைக்குப் போக வேண்டியதில்லை.

அளவு பொருந்த வேண்டும்

கொழும்பில் புறக்கோட்டை டாம் வீதிக் கடைகளிலும், ஊர்களில் பழைய இரும்புக் கடைகளிலும் பாகங்களைத் தேடலாம். ஆனால் அளவு தெரியாமல் வாங்கினால் பணம் வீணாகும்.

“26 அங்குலம்” என்று சொல்லப்படும் ரயர்கள் எல்லாம் ஒன்றல்ல. 26 x 1⅜ என்று எழுதிய ரயர் 590 மில்லிமீற்றர் றிம்முக்கு உரியது. மவுண்டன் சைக்கிளின் 26 அங்குல ரயர் 559 மில்லிமீற்றர் றிம்முக்கு உரியது. ஒன்றின் ரயர் மற்றதில் ஏறாது. பழைய பெரிய 28 x 1½ சில்லின் றிம் 635 மில்லிமீற்றர். ரயரின் பக்கத்தில் உள்ள இந்த எண்ணையே பார்த்து வாங்குங்கள்.

பிறேக்கும் இப்படியே. கம்பிப் பிறேக் றிம்மின் உட்புறத்தை அழுத்துகிறது. வயர் பிறேக் றிம்மின் இரு பக்கங்களையும் கவ்வுகிறது. கம்பிப் பிறேக்குக்கென வளைவாகச் செய்த றிம்மில் வயர் பிறேக் சரியாகப் பிடிக்காது. எனவே றிம்மையும் பிறேக்கையும் சோடியாகவே தெரிவு செய்ய வேண்டும்.

செயினை ஓர் அடிமட்டத்தால் அளக்கலாம். ஒரு முளையின் நடுவிலிருந்து 24 கண்ணிகள் எண்ணினால் சரியாக 12 அங்குலம் வரவேண்டும். அது ஓர் அங்குலத்தின் எட்டில் ஒரு பங்கு நீண்டிருந்தால் பற்களையும் கெடுத்திருக்கும். அந்தச் செயின் வேண்டாம்.

பூட்டும்போது

இடப்பக்கப் பெடலின் புரி மறுபுறம் திரும்பும். கடிகார முள் செல்லும் திசையில் திருப்பினால்தான் கழலும். ரோட்ஸ்ரர் வகைச் சைக்கிள்களில் பெடல் அச்சின் வலப்பக்கக் கப்பும் அவ்வாறே. இதை அறியாமல் பலங்கொண்டு திருப்பி நல்ல பாகத்தை உடைப்போர் பலர். அச்சுகளில் உள்ள இரும்புக் குண்டுகள் மலிவானவை. அவற்றைப் புதிதாகவே போடுங்கள். பெடல் அச்சுக்குப் பக்கத்துக்குப் 11 வீதம் கால் அங்குலக் குண்டுகளை நல்ல கிறீஸில் பதித்தால் போதும். ரயர், ரியூப், பிறேக் கட்டை, பிறேக் வயர் ஆகியவற்றையும் புதிதாகவே வாங்குங்கள். இவற்றில் சிக்கனம் ஆபத்து.

தொழிலுக்கு ஏற்ற வண்டி

நாமே பூட்டும் சைக்கிளின் பெரிய நன்மை, அதை எம் தேவைக்கு அமைத்துக்கொள்ளலாம் என்பதே. முன்பல் 44, பின்பல் 18 உள்ள 28 அங்குல வண்டி, ஒரு மிதிச் சுற்றுக்குச் சுமார் 5.4 மீற்றர் செல்லும். கரியரில் மீன்பெட்டி கட்டி விற்பவருக்கு இது பாரம். பின்பல்லை 22 ஆக மாற்றினால் ஒரு சுற்றுக்கு 4.4 மீற்றரே செல்லும். வேகம் குறைந்தாலும் முழங்கால் நோகாமல் ஏற்றம் ஏறலாம். பாரம் சுமக்கும் வண்டிக்கு 40 கம்பிகள் உள்ள பின்சில்லைத் தேடுங்கள். வளரும் பிள்ளைக்கோ, சீற்றை உயர்த்தப் போதிய குழாய் உள்ள சிறிய பிரேமே உகந்தது.

எமது சங்கங்கள் செய்யக்கூடியது

ஒவ்வோர் ஊரிலும் ஒரு மேசை, ஒரு தொகுதி ஸ்பானர், பழைய பாகங்கள் போட ஒரு பெட்டி ஆகியவை இருந்தால் போதும். பழைய இரும்புக்குப் போகுமுன் வண்டிகளைச் சங்கம் சேகரிக்கலாம். ஊரில் எஞ்சியுள்ள முதிய திருத்துநரை மாதம் ஒரு நாள் அழைத்து, ஆண் பிள்ளைகளோடு பெண் பிள்ளைகளையும் அவரருகில் அமர்த்துங்கள். பாதி வழியில் செயின் கழன்றால், அதை மாட்டத் தெரிந்த மாணவி எவருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை.

மூன்று பழைய வண்டிகளிலிருந்து ஒரு நல்ல வண்டி பெரும்பாலும் கிடைக்கும். அடுத்த சங்கக் கூட்டத்துக்கு முன், உங்கள் ஊரில் எத்தனை சைக்கிள்கள் ஓடாமல் கிடக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். எத்தனை பிள்ளைகள் பாடசாலைக்கு நடந்து போகிறார்கள் என்பதையும் அதே தாளில் எழுதுங்கள்.