கிவியைக் காக்கும் பொறிகள்

அலகின் நுனியில் மூக்குத் துவாரம் உள்ள பறவை உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். அது நியூசிலாந்தின் கிவி. இரவில் அலகை மண்ணுக்குள் குத்தி, மோப்பம் பிடித்து மண்புழுவைக் கண்டுபிடித்துவிடும். பறக்கத் தெரியாது. அதற்கு அவசியமும் இருந்ததில்லை. மனிதர்கள் போய்ச் சேரும்வரை அந்த நாட்டு நிலத்தில் வௌவால்களைத் தவிர வேறு பாலூட்டிகள் இல்லை. எதிரி என்றால் கழுகு போன்ற வேட்டைப் பறவைகள்தான். அவை பெரும்பாலும் கண்ணால் தேடும். ஆகவே அசையாமல் நின்றால் தப்பிக்கலாம்.

பிறகு கப்பல்கள் வந்தன. எலி வந்தது, பூனை வந்தது, முயலும் வந்தது. முயல் பெருகிப் புல்லையெல்லாம் மேய்ந்துவிட, அதைப் பிடிக்க 1880களில் ‘ஸ்டோட்’ என்ற விலங்கைக் கொண்டுவந்து விட்டார்கள். நம் கீரியைப் போல நீண்டு ஒல்லியான உடம்பு. பறவைகளை அறிந்தவர்கள் ‘வேண்டாம்’ என்று அப்போதே எச்சரித்தார்கள். யார் கேட்டார்கள்? ஸ்டோட் மோப்பம் பிடித்து வேட்டையாடும். அதன் முன்னால் அசையாமல் நின்று என்ன பயன்?

கிவிக் குஞ்சின் நிலைமையைப் பாருங்கள். மூன்று கிலோகூட இல்லாத தாய், 400 கிராமுக்கு மேல் எடையுள்ள முட்டை இடுகிறது! பழுப்புக் கிவி இனத்தில் அப்பாதான் இரண்டரை மாதத்துக்கு மேல் அடைகாக்கும். பொரிந்த குஞ்சுக்கு யாரும் இரை ஊட்டுவதில்லை. வயிற்றில் மிச்சமிருக்கும் மஞ்சள் கருவை வைத்து முதல் சில நாட்களை ஓட்டிவிட்டு, தானே இரை தேடக் கிளம்பிவிடும். பாதுகாப்பில்லாத காடுகளில் 100 குஞ்சுகளில் சுமார் 95, பெரிதாவதற்குள் இறந்துவிடுகின்றன. ஆனால் ஒரு கிலோ எடை வந்துவிட்டால் போதும், காலால் உதைத்தே ஸ்டோட்டை விரட்டிவிடும்.

இதைக் கவனித்துத்தான் 1994இல் ஒரு திட்டம் தொடங்கினார்கள். முட்டையை எடுத்துவந்து பொரிக்கவைத்து, குஞ்சு ஒரு கிலோ ஆனதும் காட்டில் விடுவது. நல்ல வழிதான். ஆனால் எத்தனை காலத்துக்கு முட்டை எடுத்துக்கொண்டே இருப்பது? காட்டிலேயே குஞ்சு பிழைக்க வேண்டும் என்றால் எதிரி குறைய வேண்டும். அதற்குச் சில அதிகாரிகள் மட்டும் போதாது. ஊரே இறங்க வேண்டும்.

தலைநகர் வெலிங்டனில் ஊர் இறங்கியது. குரோஃப்டன் டவுன்ஸ் என்ற பகுதியில் 2014இல் வீட்டுத் தோட்டங்களில் பொறி வைக்கத் தொடங்கினார்கள். பொறி ஒரு மரப்பெட்டிக்குள் இருக்கும். அதன் துளையில் எலியும் ஸ்டோட்டும் நுழையலாம், பெரிய பறவை நுழைய முடியாது. எலிக்கு வேர்க்கடலை வெண்ணெய், ஸ்டோட்டுக்கு முட்டை அல்லது முயல்கறி. எந்த விலங்கு நடமாடுகிறது என்று அறிய இன்னொரு உபாயமும் உண்டு. நடுவில் மை தடவிய அட்டையை ஒரு சிறிய குழாய்க் கூண்டுக்குள் வைத்துவிட்டால், மறுநாள் கால்தடம் பதிந்திருக்கும். எனக்கு மிகவும் பிடித்த கருவி இதுதான்!

‘பாவம், ஸ்டோட்டைக் கொல்லலாமா?’ என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. தப்பு ஸ்டோட்டுடையது அல்ல, அதை அங்கே கொண்டுவந்தவர்களுடையது. ஆனாலும் அது இருக்கும் காட்டில் கிவிக் குஞ்சு வாழ முடியாது. இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். வெலிங்டன் மக்கள் கிவியைத் தேர்ந்தெடுத்தார்கள். அது சரி என்றே நான் நினைக்கிறேன்.

நகரத்துக்கு மேற்கே மக்காரா குன்றுகளில் பண்ணைக்காரர்கள், மவோரி பழங்குடி மக்கள், தன்னார்வலர்கள் சேர்ந்து 4,000க்கும் மேற்பட்ட பொறிகளை வைத்தார்கள். அந்த வட்டாரத்தில் நாய்களுக்கும் பயிற்சி உண்டு, கிவியின் வாசம் வந்தால் விலகிப் போக வேண்டும் என்று! 2022 நவம்பரில் முதல் 11 கிவிகளை அங்கே விட்டார்கள். வெலிங்டன் காடுகளில் கிவி இல்லாமல் போய் ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருந்தது. அடுத்த ஆண்டே அங்கே குஞ்சுகள் பொரிந்தன. பொரியும் ஒவ்வொரு குஞ்சும் ஒரு கிலோ எட்டும்வரை பொறிகளை யாராவது போய்ப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு இன்றும் ஆட்கள் குன்றேறுகிறார்கள்.