ஒப்பந்தம் முடிந்தது, ஆட்டமும் நின்றது! இந்தியக் கால்பந்தை நடத்துவது யார்?

ஃபீனிக்ஸ் பே:

கப்பல் பட்டறையிலும் படகுத் துறையிலும் பாடுபடும் தமிழர்களுக்கு, காண்ட்ராக்ட் என்றால் என்ன என்று யாரும் விளக்கத் தேவையில்லை. காண்ட்ராக்டரின் கெடு முடிந்து புதிய உத்தரவு வராவிட்டால், முதலில் வேலையின்றி வீட்டில் உட்காருகிறவர் தினக்கூலி மஸ்தூர்தான். உத்தரவு போடவேண்டியவரின் சம்பளம் ஒரு நாளும் நிற்பதில்லை.

2025-ம் ஆண்டில் இந்தியக் கால்பந்துக்கு நேர்ந்ததும் இதுவே.

அந்த ஆண்டு ஆகஸ்டு மாதம் பெங்களூர் எப்.சி. குழு, தன் முதல் அணி ஆட்டக்காரர்கள், ஊழியர்களின் சம்பளத்தை நிறுத்தி வைத்தது. ஒடிசா எப்.சி. குழுவும் ஒப்பந்தங்களை நிறுத்தி வைத்தது. 2015-லும் 2018-லும் கோப்பையை வென்ற சென்னையின் எப்.சி.யும் தன் நடவடிக்கைகளை நிறுத்தி வைப்பதாக அறிவித்தது. செப்டம்பரில் தொடங்கவேண்டிய ஐ.எஸ்.எல். போட்டி தொடங்கவில்லை.

ஆட்டக்காரர்கள் செய்த குற்றம் என்ன? ஒன்றும் இல்லை. மேலே இருந்தவர்கள் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போடவில்லை, அவ்வளவுதான்.

ரூ.700 கோடி

2010 டிசம்பரில் அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம், ரிலையன்ஸ் கூட்டு நிறுவனம் ஒன்றுடன் 15 ஆண்டு ஒப்பந்தம் செய்துகொண்டது. தொகை ரூ.700 கோடி. வியாபார உரிமைகள் எல்லாம் அந்த நிறுவனத்தின் கைக்குப் போயின. அதன் பலனாக 2014-ல் 8 அணிகளுடன் ஐ.எஸ்.எல். பிறந்தது. நல்ல மைதானம், வெளிநாட்டுப் பயிற்சியாளர்கள், டெலிவிஷன் ஒளிபரப்பு எல்லாம் வந்தன. அதை மறுப்பதற்கில்லை.

ஆனால் அந்த ஒப்பந்தம் 2025 டிசம்பர் 8-ந் தேதி முடியும் என்பது கையெழுத்திட்ட நாளிலேயே தெரிந்த விஷயம். அதற்குப் பிறகு என்ன என்ற கேள்விக்கு விடை தேட 15 ஆண்டுகள் இருந்தன. விடை கிடைக்காததால், 2025 ஜூலை 11-ந் தேதி, போட்டியை நிறுத்தி வைப்பதாக லீகை நடத்தும் நிறுவனம் அறிவித்துவிட்டது. பிறகு உரிமைகளுக்கு டெண்டர் விடப்பட்டது. நவம்பரில் கெடு முடிந்தபோது ஒருவர்கூட விலை கேட்டு வரவில்லை!

கோர்ட்டு மீது பழியா?

சுப்ரீம் கோர்ட்டில் வழக்கு இருந்ததால் புதிய ஒப்பந்தம் பேச முடியவில்லை என்பது சம்மேளனத்தின் வாதம். அதில் உண்மை உண்டு. ஆனால் வழக்கு எப்படி வந்தது?

சம்மேளனத் தேர்தல் விளையாட்டு விதிகளின்படி நடக்கவில்லை என்று 2017-ல் டெல்லி ஐகோர்ட்டு அதை ரத்து செய்தது. வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. தலைவர் பிரபுல் பட்டேலின் பதவிக்காலம் 2020 டிசம்பரில் முடிந்தும் தேர்தல் நடக்கவில்லை. 2022 மே மாதம் சுப்ரீம் கோர்ட்டு அவரை நீக்கி, நிர்வாகக் கமிட்டியை அமர்த்தியது. வெளியார் தலையீடு என்று காரணம் காட்டி, அந்த ஆண்டு ஆகஸ்டில் உலகக் கால்பந்து சம்மேளனமான 'பிபா' இந்தியாவைத் தடை செய்தது. 11 நாட்களில் தடை நீங்கியது. ஆனால் உலகத்தின் முன் தலைகுனிவு நீங்கவில்லை.

ஆகவே, தாமதத்தின் வேர் கோர்ட்டில் இல்லை, நிர்வாகிகளின் நாற்காலியில் இருக்கிறது.

ஓட்டு யாருக்கு?

2022 செப்டம்பர் தேர்தலில் முன்னாள் கோல்கீப்பர் கல்யாண் சவுபே 33 ஓட்டுகள் பெற்றுத் தலைவரானார். எதிர்த்து நின்ற பைச்சுங் பூட்டியா பெற்றது ஒரே ஓட்டு. நூறு பந்தயங்களுக்கு மேல் நாட்டுக்காக ஆடிய வீரருக்கு ஒரு ஓட்டு! ஓட்டுரிமை மாநிலச் சங்கங்களுக்கு மட்டுமே இருந்தது. முன்னாள் ஆட்டக்காரர்கள் 36 பேருக்கு ஓட்டுரிமை கொடுக்கும் திட்டம் முதலில் இருந்தது. 'பிபா' ஆட்சேபித்ததால் அது கைவிடப்பட்டது.

கோவைக்குக் கிடைக்காத ஏணி

2019 மார்ச் 9-ந் தேதி கோவை நேரு ஸ்டேடியத்தில் மினெர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று, சென்னை சிட்டி எப்.சி. ஐ-லீக் சாம்பியன் ஆனது. தமிழ்நாட்டுக் குழு ஒன்று அடைந்த பெரிய சாதனை அது. ஆனால் அந்த வெற்றிக்குப் பரிசாக ஐ.எஸ்.எல்.லில் இடம் கிடைக்கவில்லை. ஐ-லீக் சாம்பியனுக்கு மேலே போகும் வழி 2022-23 போட்டியிலிருந்துதான் திறந்தது. அதற்குள் சென்னை சிட்டி ஐ-லீக்கிலேயே இல்லை.

மேலே ஏறும் வழி திறந்த பிறகும், கீழே இறங்கும் வழி திறக்கவில்லை. 2024-25 போட்டி முடியும்வரை ஐ.எஸ்.எல்.லிலிருந்து ஒரு குழுகூடக் கீழே இறக்கப்படவில்லை. தோற்றாலும் நாற்காலி பத்திரம்!

2024-25 ஐ-லீக் கோப்பை யாருக்கு என்பதைக்கூட நம் சம்மேளனம் ஒழுங்காக முடிவு செய்யவில்லை. சர்ச்சில் பிரதர்ஸ் சாம்பியன் என்று அது அறிவித்தது. சுவிட்சர்லாந்திலுள்ள சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றம், 2025 ஜூலை 18-ந் தேதி, இண்டர் காசிதான் சாம்பியன் என்று தீர்ப்பளித்தது.

பாதி ஆட்டம்

2026 ஜனவரி தொடக்கத்தில் சுனில் சேத்ரி, குர்பிரீத் சிங் சாந்து, சந்தேஷ் ஜிங்கன் முதலிய வீரர்கள் 'பிபா' தலையிட வேண்டும் என்று வீடியோ மூலம் முறையிட்டார்கள். சொந்த நாட்டில் கேட்பார் இல்லாமல் வெளிநாட்டுக் கதவைத் தட்டும் நிலை! சில நாட்களில், பிப்ரவரி 14-ந் தேதி போட்டி தொடங்கும் என்று மத்திய விளையாட்டு மந்திரி மன்சுக் மாண்டவியா அறிவித்தார். 14 அணிகள், 91 ஆட்டங்கள். முந்தைய லீகில் ஓர் அணிக்கு 24 ஆட்டங்கள் இருந்தன. இப்போது 13.

1962-ல் ஜகார்த்தாவில் ஆசியத் தங்கம் வென்ற நாடு இது. 2025 அக்டோபரில் மார்கோவாவில் சிங்கப்பூரிடம் 2-1 என்று தோற்று, 2027 ஆசியக் கோப்பை வாய்ப்பை இழந்தது. ஆடுகளத்தில் இல்லாதவன் ஆட்டத்தில் எப்படித் தேறுவான்?

செய்யவேண்டியது என்ன?

ஜெர்மனியில் பெரும்பாலான கால்பந்துக் கழகங்களில் பாதிக்கு மேற்பட்ட ஓட்டு உறுப்பினர்களிடம் இருக்கவேண்டும் என்பது விதி. பணம் போடுகிறவர் வரலாம், ஆனால் கழகத்தை விழுங்க முடியாது. நம் நாட்டில் அந்த அளவுக்குப் போகாவிட்டாலும், 2025 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட்டு ஒப்புதல் அளித்த புதிய விதிமுறைகள் முன்னாள் ஆட்டக்காரர்களுக்கு இடம் தருகின்றன. அதை ஏட்டுச் சுரைக்காய் ஆக்கக் கூடாது.

போட்டி அட்டவணை முன்கூட்டியே வரவேண்டும். ஏறுவதும் இறங்குவதும் மைதானத்தில் தீர்மானிக்கப்பட வேண்டும். லீக் நின்றாலும் சம்பளம் நிற்காதபடி, ஆட்டக்காரர்களுக்கும் ஊழியர்களுக்கும் ஒரு நிதி ஒதுக்கப்பட வேண்டும். இவை பெரிய கோரிக்கைகள் அல்ல. உழைக்கிறவன் எங்கே இருந்தாலும் கேட்கிற நியாயம்தான்.

வெள்ளம் வருமுன் அணை போடவேண்டும் என்பார்கள். அடுத்த ஒப்பந்தம் எத்தனை ஆண்டுக்கு எழுதப்பட்டாலும், அது முடியும் நாளும் அன்றே எழுதப்படும். அந்த நாளுக்கு முன்பே விழித்துக்கொள்ளும் நிர்வாகம் அமையுமா என்பதே கேள்வி.