‘நிரந்தரம்’ என்று எழுதியிருந்தால் போதுமா?



பெரிய கம்பெனி ஒன்று சிறு வியாபாரிகளுக்கு ஓர் உரிமை கொடுக்கிறது. பத்திரத்தில் ‘நிரந்தரம்’ என்று எழுதியிருக்கிறது. அதை நம்பி முதல் போடுகிறார்கள், ஆள் வைக்கிறார்கள், இருபது வருஷத்துக்கு மேல் தொழில் ஓடுகிறது. திடீரென்று ஒரு நாள் ‘அந்தப் பத்திரம் இனிச் செல்லாது’ என்று கம்பெனி சொன்னால் என்ன ஆகும்? 2023 ஜனவரியில் அமெரிக்காவில் இப்படி ஒரு நிலைமை வந்தது. அங்கே சரக்கு ஒரு விளையாட்டு. மளிகைக் கடைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று தள்ளிவிட வேண்டாம். விவகாரம் நமக்கு நன்றாகத் தெரிந்த விவகாரம்தான்.

விளையாட்டின் பெயர் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர் உருவாக்கி 1974ல் வெளிவந்தது. நாலைந்து பேர் மேஜையைச் சுற்றி உட்காருவார்கள். ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் வீரன், மந்திரவாதி என்று ஆளுக்கொரு வேடம் ஏற்றுப் பகடை உருட்டி ஆடுவார்கள். ஆகவே இந்தத் தொழிலில் முக்கியச் சரக்கு விதிப் புத்தகமும், ஆடுவதற்கான கதைப் புத்தகமும்தான்.

ஆரம்பத்தில் இதை வெளியிட்ட டி.எஸ்.ஆர். கம்பெனி கடனில் மூழ்கியது. 1997ல் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் என்ற கம்பெனி அதை வாங்கியது. 1999ல் அந்தக் கம்பெனியையே ஹாஸ்ப்ரோ என்ற பெரிய பொம்மைக் கம்பெனி வாங்கிக்கொண்டது.

2000ம் ஆண்டில் விசார்ட்ஸ் ஒரு புதுமை செய்தது. அந்தப் பிரிவின் பொறுப்பில் இருந்த ரயான் டான்சி போட்ட கணக்கு இது: விதிப் புத்தகத்தை ஆடுகிறவர்கள் பலரும் வாங்குவார்கள், கதைப் புத்தகத்தைக் கதை நடத்துபவர் ஒருவர் வாங்கினால் போதும், அதில் லாபம் குறைவு. அதை வெளியார் போடட்டும். அவர்கள் எத்தனை புத்தகம் போட்டாலும் நம் விதிப் புத்தகம்தான் விற்கும். இந்தக் கணக்கில் பிறந்ததுதான் ‘திறந்த விளையாட்டு உரிமம்’. அடிப்படை விதிகளை யாரும் காசு கொடுக்காமல் எடுத்துத் தம் புத்தகத்தில் சேர்த்து விற்கலாம். கம்பெனியின் பெயரும், அதன் கதாபாத்திரங்களும் மட்டும் கம்பெனிக்கே சொந்தம். சாம்பார்ப் பொடியின் பக்குவத்தைப் பொதுவில் விட்டு, பாக்கெட்டின் பெயரை மட்டும் காப்பாற்றிக்கொள்வது போல.

நூற்றுக்கணக்கான புத்தகங்கள் சந்தைக்கு வந்தன. 2003ல் விதிகள் திருத்தப்பட்டபோது, பழைய விதிப்படி அச்சிட்ட புத்தகங்கள் கடைகளில் தேங்கி நின்றன. சரக்கு தேங்கினால் வலி எப்படி என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பைசோ என்ற கம்பெனியின் கதையையும் பார்ப்போம். விசார்ட்ஸின் இரண்டு மாத இதழ்களை நடத்தும் உரிமை 2002 முதல் அதனிடம் இருந்தது. 2007ல் அது கையை விட்டுப் போயிற்று. 2008ல் விசார்ட்ஸ் புதிய பதிப்பைக் கடுமையான நிபந்தனைகளோடு கொண்டுவந்தது. பைசோ சும்மா இருக்கவில்லை. திறந்த உரிமத்தில் இருந்த பழைய விதிகளை எடுத்துச் செப்பனிட்டு, ‘பாத்ஃபைண்டர்’ என்ற சொந்த விளையாட்டை 2009ல் கடைக்குக் கொண்டுவந்தது. ஏஜென்சி போன பின்பும் தொழில் நின்றதற்குக் காரணம் அந்தப் பத்திரம்தான்.

இப்போது 2023க்கு வருவோம். விசார்ட்ஸ் தயாரித்த புதிய உரிமத்தின் நகல் ஜனவரி முதல் வாரத்தில் வெளியே கசிந்தது. ஆண்டு வரவு 7.5 லட்சம் டாலரைத் தாண்டினால், தாண்டிய தொகையில் 25 சதவீதம் வரை கம்பெனிக்குக் கட்ட வேண்டும். லாபத்தில் அல்ல, விற்பனை வரவில்! அச்சுக்கூலி, கூலியாள், கடைக்காரர் கமிஷன் எல்லாம் போக என்ன மிஞ்சும்? பழைய உரிமம் இனி அங்கீகரிக்கப்பட்டதல்ல என்றும் அதில் எழுதியிருந்தது.

எப்படி இப்படி எழுத முடிந்தது? பழைய பத்திரத்தில் ‘நிரந்தரம்’ என்ற சொல் இருந்தது. ‘ரத்து செய்ய முடியாதது’ என்ற சொல் இல்லை. அந்தச் சந்தில்தான் புகப் பார்த்தார்கள். ரத்து செய்யும் எண்ணமே அன்று இருந்ததில்லை என்று டான்சியே சொன்னார். எண்ணம் வேறு, எழுத்து வேறு. இதில் வேடிக்கை என்னவென்றால், வெளியார் எழுதும் சரக்கைக் கம்பெனி பயன்படுத்தும் உரிமையைப் பற்றிய இடத்தில் மட்டும் ‘நிரந்தரம்’, ‘ரத்து செய்ய முடியாதது’ என்ற இரண்டு சொல்லையும் புதிய நகலில் மறக்காமல் போட்டிருந்தார்கள். உரிமத்தையோ முப்பது நாள் அறிவிப்பில் மாற்றலாம், முடிக்கலாம்!

சிறு பதிப்பாளர்களும் ஆட்டக்காரர்களும் ஒன்றாக எழுந்தார்கள். கம்பெனிக்குக் கட்டிவந்த சந்தாவைப் பலர் நிறுத்தினார்கள். எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லாத புதிய உரிமம் ஒன்றை உருவாக்கப்போவதாகப் பைசோ அறிவித்தது. எட்டு மாதத்துக்கென்று வைத்திருந்த பாத்ஃபைண்டர் விதிப் புத்தகம் இரண்டு வாரத்தில் தீர்ந்ததாகவும் சொன்னது. விசார்ட்ஸ் கருத்துக் கேட்டபோது 15,000 பேருக்கு மேல் பதில் எழுதினார்கள். பத்தில் கிட்டத்தட்ட ஒன்பது பேர் எதிர்ப்பு. ஜனவரி 27ம் தேதி கம்பெனி இறங்கி வந்தது. பழைய உரிமத்தைத் தொடுவதில்லை என்றது. அதோடு அடிப்படை விதிகளை ‘கிரியேட்டிவ் காமன்ஸ்’ என்ற பொது உரிமத்தில் வைத்தது. அதைத் திரும்பப் பெறக் கம்பெனியால் முடியாது.

ஏஜென்சி, டீலர்ஷிப், கடை வாடகை என்று நாம் கையெழுத்திடும் ஒவ்வொரு தாளிலும் இந்தப் பாடம் இருக்கிறது. எத்தனை காலம் என்பதை மட்டும் பார்த்தால் போதாது; யார் எப்போது ரத்து செய்யலாம் என்ற வரியைத் தேடிப் படிக்க வேண்டும். சதவீதம் விற்பனையிலா லாபத்திலா என்று கேட்க வேண்டும். ஒரே கம்பெனியின் தயவில் முழு முதலையும் போட்டுவிடக் கூடாது.  அந்தப் பதிப்பாளர்கள் ஒரே மாதத்தில் ஒன்றுசேர்ந்து ஜெயித்தார்கள். நமக்குச் சங்கம் இருக்கிறது. கையெழுத்துப் போடும் முன் தாளைச் சங்கத்துக்குக் கொண்டு வாருங்கள். விவரம் தெரிந்தவர்களோடு உட்கார்ந்து வரி வரியாகப் படிப்போம்.