பாகு இல்லாத நட்ஸ் பார்!

கிரனோலா பார் உடம்புக்கு நல்லதுதானே என்று நினைக்கும் சர்க்கரை நோயாளிகள் கவனிக்க: 100 கிராம் ஓட்ஸில் சுமார் 66 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. தேன், பேரீச்சை, வெல்லம் சேர்ந்தால் இன்னும் கூடும்.

பாதாம், வேர்க்கடலை, பூசணி விதை தலா 50 கிராம், எள், கொப்பரைத் துருவல் தலா 25 கிராம் எடுத்து, ஒன்றிரண்டாகப் பொடியுங்கள். 2 டேபிள்ஸ்பூன் ஆளிவிதைப் பொடியை 6 டேபிள்ஸ்பூன் வெந்நீரில் 10 நிமிடம் ஊறவிட்டால் வழவழப்பாகும். பாகுக்குப் பதில் இதுதான். உப்பு, ஏலக்காய் சேர்த்துப் பிசைந்து, தட்டில் அழுத்திப் பரப்பி, 160 டிகிரி அவனில் 30 நிமிடம் வையுங்கள். நன்றாக ஆறிய பிறகே துண்டு போடுங்கள். சூட்டில் வெட்டினால் உதிர்ந்துவிடும்.

கலோரி அதிகம் என்பதால் நாளுக்கு ஒரு துண்டு போதும். ஒன்றை மறக்காதீர்கள்: சர்க்கரை திடீரெனக் குறைந்து படபடப்பு வந்தால் இந்த பார் உதவாது. அப்போது உடனே குளுக்கோஸ்தான்!