மூளை அலைகளும் சுயநினைவும்: பாடநூல் சொல்வதும் நோயாளியின் அறிக்கை சொல்வதும்

தீவிர சிகிச்சைப் பிரிவின் வெளியே காத்திருக்கும் குடும்பத்தாரிடம் மருத்துவர் பெரும்பாலும் இரண்டு செய்திகளைக் கூறுவார். ஒன்று ஓர் எண்: "கிளாஸ்கோ அளவு எட்டு." மற்றொன்று ஒரு சோதனையின் முடிவு: "இ.இ.ஜி. எடுத்தோம், டெல்டா அலைகள் தெரிகின்றன." வீட்டில் பதினோராம் வகுப்பிலோ பன்னிரண்டாம் வகுப்பிலோ உளவியல் படிக்கும் பிள்ளை இருந்தால், டெல்டா என்ற சொல் அதற்குப் பழக்கமானது. "டெல்டா என்றால் ஆழ்ந்த உறக்கம் என்று படித்திருக்கிறேன், தாத்தா உறங்கத்தான் செய்கிறார்" என்று அது சொல்லும். குடும்பம் முழுவதும் அந்தச் சொல்லைப் பற்றிக்கொள்ளும்.

பிள்ளை படித்தது தவறன்று. ஆயினும், நலமாக உள்ள மனிதரைப் பற்றி எழுதப்பட்ட பாடத்தை நோயுற்ற மூளைக்கு அப்படியே பொருத்தினால், பொய்யான நம்பிக்கையோ தேவையற்ற அச்சமோ உண்டாகும். இவ்விரண்டு அளவைகளும் எதைக் கூறுகின்றன, எதைக் கூறுவதில்லை என்பதை ரெட்டியார்பாளையத்திலும் சுற்றுப்புறங்களிலும் உள்ள நம் வாசகர்களுக்கு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மூளை அலை என்பது யாது?

மூளையின் நரம்பணுக்கள் மின்குறிப்புகளின் வழியே ஒன்றோடொன்று தொடர்புகொள்கின்றன. பல இலட்சம் அணுக்கள் ஒருசேர இயங்கும்போது எழும் மின்னழுத்தத்தின் மிகச் சிறு பகுதி மண்டையோட்டைக் கடந்து தலைத்தோலை வந்தடைகிறது. அதன் அளவு ஏறத்தாழ 50 மைக்ரோவோல்ட். சுவர்க் கடிகாரத்தில் போடும் 1.5 வோல்ட் பேட்டரியின் அழுத்தத்தில் முப்பதாயிரத்தில் ஒரு பங்கு எனலாம். இதனைப் பெருக்கிக் கோடுகளாக வரைந்து காட்டுவதே இ.இ.ஜி. கருவி.

1875ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் லிவர்பூல் நகர மருத்துவர் ரிச்சர்ட் கேட்டன் விலங்குகளின் மூளையில் இம்மின்னோட்டத்தைக் கண்டார். ஜெர்மனியின் ஜெனா நகரில் மனநல மருத்துவராக இருந்த ஹான்ஸ் பெர்கர் 1924இல் மனித மூளையின் அலைகளை முதன்முதலில் பதிவு செய்து, 1929இல் அதனை வெளியிட்டார். ஆல்பா, பீட்டா என்னும் பெயர்களை இட்டவரும் அவரே.

நம் பகுதிக்கும் இவ்வியலில் நீண்ட தொடர்பு உண்டு. 1949இல் டாக்டர் ஜேக்கப் சாண்டி வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் டாக்டர் பா. இராமமூர்த்தி அப்பணியை மேற்கொண்டார். 1951இல் இவ்விருவரும், டாக்டர் எஸ். டி. நரசிம்மன், டாக்டர் பல்தேவ் சிங் ஆகியோரும் இணைந்து சென்னையில் இந்திய நரம்பியல் கழகத்தை நிறுவினர்.

பாடநூலின் அட்டவணை

உளவியல் பாடத்தில் மாணவர்கள் கற்கும் வகைப்பாடு எளிமையானது. ஒரு நொடிக்கு எத்தனை அலைகள் எழுகின்றன என்பதே அதன் அடிப்படை. 13 முதல் 30 வரை எழுந்தால் பீட்டா; விழிப்போடு செயல்படும் நிலை. 8 முதல் 13 வரை ஆல்பா. கண்களை மூடி அமைதியாக இருக்கும் நிலை. 4 முதல் 8 வரை தீட்டா. உறக்கம் தழுவும் நிலை. நொடிக்கு 4க்கும் குறைவாயின் டெல்டா, ஆழ்ந்த உறக்கம்.

நலமான ஒருவரிடம் இவ்வட்டவணை பெரிதும் பொருந்தும். ஆயினும் அங்கேயே விதிவிலக்குகள் தொடங்கிவிடுகின்றன. கனவு காணும் உறக்கத்தில் விழிகள் விரைந்து அசையும்; அப்போது மூளை அலைகள் விழித்திருப்பவருடையதைப் போன்றே தோன்றும். சிகாகோவில் அசெரின்ஸ்கியும் கிளீட்மனும் இந்நிலையை 1953இல் விளக்கினர். சிறு குழந்தைகள் விழித்திருக்கும்போதும் அவர்களின் அலைகள் பெரியவர்களுடையதை விட மெதுவாகவே இருக்கும். சில தூக்க மருந்துகளை உட்கொண்டவரிடம் பீட்டா அலைகள் மிகுதியாகும். அவர் சுறுசுறுப்பாக இருக்கிறார் என்பது அதன் பொருளன்று.

ஒரே அலை, இரு வேறு நிலைகள்

அலையை மட்டும் கொண்டு சுயநினைவை அளக்க முடியாது என்பதற்கு இந்திய ஆய்வு ஒன்று சிறந்த சான்றாகும். தில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தில் ஆனந்த், சின்னா ஆகியோருடன் இணைந்து, மேலே குறிப்பிட்ட பல்தேவ் சிங் யோகிகளின் மூளை அலைகளைப் பதிவு செய்து 1961இல் வெளியிட்டார். பொதுவாக ஆல்பா அலை தோன்றும் ஒருவர் கண்ணைத் திறந்தாலோ, பேரொலி கேட்டாலோ அவ்வலை மறையும். தியானத்தில் ஆழ்ந்த யோகிகளிடம் வலிய ஒளி, ஓசை, சூடான கண்ணாடிக் குழாயின் தொடுகை ஆகியவற்றைச் செலுத்தியபோதும் ஆல்பா அலை மறையவில்லை. தியானத்தில் இல்லாத நேரத்தில் அதே தூண்டல்களால் அது மறைந்தது.

இனி மற்றொரு நிலையைக் காண்போம். மாரடைப்பால் இதயம் நின்று, பின்னர் மீட்கப்பட்ட சிலர் ஆழ்மயக்கத்தில் இருப்பர். அவர்களுள் சிலரிடம் ஆல்பா அலைகள் தலை முழுவதும் பரவி, ஒலிக்கும் தொடுகைக்கும் மாறாமல் நிற்கும். மருத்துவர்கள் இதனை 'ஆல்பா கோமா' என்பர். பாடநூல் அட்டவணைப்படி இவர் அமைதியாகக் கண்மூடியிருப்பவர். உண்மையிலோ கவலைக்கிடமான நிலையில் உள்ளவர்.

இருவரிடமும் ஆல்பா அலை. இருவரிடமும் அது தூண்டலுக்கு மாறவில்லை. ஒருவர் விரும்பும்போது எழுந்து பேசுவார். மற்றவர் பேச இயலாதவர். ஆகவே அலையின் பெயர் மட்டும் போதாது. எவருடைய அலை, எக்காரணத்தால், எந்த மருந்தின் கீழ், தலையின் எப்பகுதியில், தொட்டால் மாறுகிறதா என்பன அனைத்தையும் சேர்த்தே நரம்பியல் மருத்துவர் முடிவு கூறுகிறார். "டெல்டா" என்ற சொல்லைக் கேட்டு 'உறங்குகிறார்' என்று ஆறுதல் கொள்வதும், 'எல்லாம் முடிந்தது' என்று கலங்குவதும் ஒருபோலப் பொருந்தாதவை.

அவ்வாறெனில் இச்சோதனை எதற்கு?

மயக்கத்தில் உள்ளவருக்கு இ.இ.ஜி. எடுப்பதற்கு வலுவான காரணங்கள் உண்டு. கை கால் வெட்டு ஏதுமின்றியே மூளைக்குள் வலிப்பு தொடர்ந்து நிகழலாம்; வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அவர் அசையாமல் கிடப்பதாகவே தோன்றும். இதனை உறுதி செய்யும் வழி இ.இ.ஜி. மட்டுமே; கண்டறிந்தால் மருந்தால் கட்டுப்படுத்த வாய்ப்பும் உண்டு. கல்லீரல் அல்லது சிறுநீரகச் செயலிழப்பால் மூளை மந்தமாவதையும், மயக்க மருந்தின் தாக்கத்தையும் அறிய இச்சோதனை துணைபுரிகிறது.

சோதனையில் வலி இல்லை. உடலுக்குள் மின்சாரம் செலுத்தப்படுவதும் இல்லை. தலையில் ஏறத்தாழ இருபது இடங்களில் சிறு தகடுகள் பசையால் ஒட்டப்படும். வழக்கமான பதிவு அரை மணி நேரத்திற்குள் முடியும். வெளிநோயாளியாக வருபவர் முதல் நாளே தலைக்குக் குளித்து, எண்ணெய் தேய்க்காமல் வருதல் நலம். மருத்துவர் கூறினாலன்றி வெறும் வயிற்றோடு வர வேண்டியதில்லை. வலிப்பு மருந்தை நீங்களாகவே நிறுத்துதல் கூடவே கூடாது.

கிளாஸ்கோ எண்ணைப் புரிந்துகொள்ளுதல்

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் கிரஹாம் டீஸ்டேல், பிரையன் ஜெனட் என்னும் இரு மருத்துவர்கள் 1974இல் இவ்வளவுகோலை வெளியிட்டனர். நோயாளியின் படுக்கையருகே நின்று மூன்றைக் கவனிப்பதே முறை. கண் திறத்தலுக்கு 1 முதல் 4 வரை, பேச்சுக்கு 1 முதல் 5 வரை, உடல் அசைவுக்கு 1 முதல் 6 வரை மதிப்பெண். முழு நினைவோடு இருப்பவருக்கு 15. எவ்வகை எதிர்வினையும் இல்லாதவருக்கு 3. பூச்சியம் என்பது இதில் இல்லை. எட்டு அல்லது அதற்குக் குறைந்தால் கடுமையான நிலை எனக் கருதப்படும்.

இது பள்ளித் தேர்வு மதிப்பெண் போன்றதன்று. கூட்டுத்தொகையைக் காட்டிலும் அதன் பகுதிகளே முக்கியமானவை. பக்கவாதத்தால் பேச்சை இழந்த ஒருவர் கண்களைத் திறந்து, கையை உயர்த்தச் சொன்னால் உயர்த்துவார். பேச்சுக்கு 1 மட்டுமே பெறுவதால் அவருக்குக் கூட்டுத்தொகை 11. ஆனால் அவர் விழிப்போடு இருக்கிறார். மூச்சுக்குழாய் பொருத்தப்பட்டவர் பேச இயலாது. ஆதலால் அவருடைய பேச்சை மதிப்பிட முடியாது என்று குறிப்பில் எழுதப்படும். உறக்க மருந்து செலுத்தப்படும்போது எண் குறைவாகவே இருக்கும். எனவே மருத்துவரிடம், "கண், பேச்சு, அசைவு தனித்தனியே எவ்வளவு? நேற்றைக்கு இன்று மாற்றம் உண்டா? உறக்க மருந்து செலுத்தப்படுகிறதா?" என்று கேளுங்கள். ஒரு நாளின் எண்ணை விட, அது ஏறுகிறதா இறங்குகிறதா என்பதே அதிகம் உணர்த்தும்.

பதில் வரவில்லை என்றால் உள்ளே எவரும் இல்லையா?

மூளைக் காயத்திற்குப் பிறகு சொல்லுக்குக் கீழ்ப்படிதல் வெளியே தெரியாத 241 பேரை ஆராய்ந்த பன்னாட்டு ஆய்வு ஒன்று 2024இல் வெளியாயிற்று. ஒரு செயலை மனத்தில் எண்ணிப் பார்க்குமாறு அவர்களிடம் கூறி, இ.இ.ஜி., ஸ்கேன் ஆகியவற்றால் மூளையின் செயல்பாட்டை நோக்கினர். 60 பேரின் மூளை அக்கட்டளையைப் பின்பற்றியது தெரிந்தது. அதாவது நால்வரில் ஒருவர். இவை ஆராய்ச்சி மையங்களில் செய்யப்படும் சிறப்புச் சோதனைகள். எல்லா நோயாளிக்கும் இம்முடிவு பொருந்தும் எனக் கொள்ளலாகாது. எனினும், அசையாதவர் கேட்கமாட்டார் என்று எண்ணி அவரது படுக்கையருகே நோயின் முடிவையும் சொத்துப் பிரிவையும் பேசுவது தகாது என்பதற்கு இதுவே போதிய காரணம்.

மூளைச்சாவு என்பது வேறு

ஆழ்மயக்கமும் மூளைச்சாவும் ஒன்றல்ல. கிளாஸ்கோ அளவு 3 என்பதாலேயே மூளைச்சாவு ஆகிவிடாது, இ.இ.ஜி.யில் அலை குறைந்திருப்பதாலும் ஆகாது. இந்தியாவில் 1994ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டப்படி, நான்கு மருத்துவர்கள் கொண்ட குழு மூளைத்தண்டின் அனிச்சைச் செயல்களையும், தானாக மூச்சு விடும் திறனையும் சோதித்து, குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் மீண்டும் சோதித்த பின்னரே அதனை உறுதி செய்யும். இவ்விரு சொற்களில் எது கூறப்படுகிறது என்பதில் ஐயம் எழுந்தால், தயங்காமல் மீண்டும் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

குடும்பத்தார் செய்யக்கூடியவை

முதலாவது, நோயாளியின் மொழியைத் தெரிவியுங்கள். புதுச்சேரியில் தமிழோடு தெலுங்கு, மலையாளம், பிரெஞ்சு பேசும் குடும்பங்களும் உள்ளன. பல ஆண்டுகள் பிரான்சில் வாழ்ந்து திரும்பிய முதியவர், "கையைத் தூக்குங்கள்" என்பதைக் காட்டிலும் பிரெஞ்சு மொழியில் கூறுவதற்கு விரைவில் இசையலாம். புரியாத மொழியில் கேட்கப்பட்ட கேள்விக்குப் பதில் வராதது நினைவின்மை ஆகாது.

இரண்டாவது, முன்பிருந்த நிலையைக் கூறுங்கள். காது கேளாமை, பழைய பக்கவாதம், மறதி நோய், பார்வைக் குறைவு ஆகிய யாவும் மதிப்பெண்ணைக் குறைக்கும். செவிக்கருவியும் மூக்குக் கண்ணாடியும் இருந்தால், செவிலியரைக் கேட்டு அணிவியுங்கள்.

மூன்றாவது, அமைதியாகப் பேசுங்கள். உங்கள் பெயரையும் கிழமையையும் சொல்லி, வீட்டுச் செய்தி ஒன்றைக் கூறி, பதிலுக்குச் சிறிது நேரம் காத்திருங்கள். எழுப்பும் நோக்கில் கிள்ளுவதும் உரக்கக் கூவுவதும் வேண்டா.

நான்காவது, கண்டதை நேரத்துடன் குறித்து வையுங்கள். "காலை 10.20: பெயர் சொல்லி அழைத்தபோது கண் திறந்து மகளை நோக்கினார்" என்பது போன்ற குறிப்பு மருத்துவருக்கு மிகவும் உதவும். கண் ஒருவரைப் பின்தொடர்வது, கேட்டபோது இமைப்பது, விரலை அழுத்துவது ஆகியவை ஒருமுறை நிகழ்ந்தாலும் தெரிவியுங்கள். அவை அனிச்சைச் செயலா, நினைவின் அடையாளமா என்பதை மருத்துவர் மீண்டும் மீண்டும் சோதித்துக் கூறுவார்.

இந்தக் குறிப்பேட்டை எழுதும் பொறுப்பை உளவியல் படிக்கும் பிள்ளையிடம் ஒப்படைக்கலாம். கண்டதற்கும் ஊகித்ததற்கும் உள்ள வேறுபாட்டைப் பேணி எழுதுவது அந்தப் பாடம் கற்பிக்கும் முதற்பயிற்சி. மருத்துவர் பார்வையிட வரும் வேளையில் அக்குறிப்பேட்டை உடன் கொண்டு வாருங்கள்.